ஐந்து நாள் பாரிஸ், பத்து விரல்

எங்கள் வீட்டில் படிவம் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். எட்டாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்தே அப்படித்தான். பயிர்க் காப்பீடு, ஆதார் திருத்தம், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் நான் நிரப்பியிருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதியவனும் நான்தான். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் கிடைத்த பதவி அது. அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மா என்னிடம் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் நடவு நடுவது போல் இடைவெளி விட்டுப் போடுவாள்.

அதனால் அம்மாவைப் பாரிஸுக்கு அழைத்துப்போவது என்று நான் முடிவு செய்தபோது, விசா விண்ணப்பத்தைப் பற்றி எனக்குத் துளியும் கவலை இல்லை. ஒரு மாத காலம் என்னைப் பிடித்து ஆட்டியவை அம்மாவின் விரல்கள்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய அலுவலகம் பாரிஸில் இருக்கிறது. அந்த வேலையாக இரண்டு முறை, முறைக்கு ஒரு வாரம், போய்வந்தேன். இரண்டாம் முறை போனபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது சாயங்காலம். அம்மா வேலைக்குப் போய்வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் கோபுரத்தைக் காட்டினேன், பாலத்தின் தங்கச் சிலைகளைக் காட்டினேன். அம்மா அதையெல்லாம் பார்த்ததாகவே தெரியவில்லை.

"கீழ போவுதே, அது என்ன ஆறு?"

"செய்ன்னு பேரும்மா."

"தண்ணி நெறைய போவுது. எங்க தொறந்து வுட்டிருக்கான்?"

எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் எங்கேயோ ஓர் அணையில் யாரோ திறந்துவிட்டால்தான் வரும். "யாரும் தொறக்கலம்மா. அதுவா ஓடுது" என்றேன்.

"எத்தன மாசத்துக்கு?"

"வருசம் பூரா."

அம்மா போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து தண்ணீரையே பார்த்தாள். பிறகு, "ஒரு தடவ வந்து பாக்கணும்டா" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சம்பாதிக்கத் தொடங்கி ஐந்து வருடங்களில் அம்மா என்னிடம் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். புடவை எடுத்துக்கொடுத்தால் "எதுக்குடா" என்பாள். வாஷிங் மிஷின் வாங்கி வைத்தால் அதன் மேல் துணியைப் போட்டு மூடி வைப்பாள். சுற்றுலா என்று அவள் வாழ்க்கையில் போனது ஒரே ஒரு முறை. ஒன்றாக நடவுக்குப் போகும் செட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்துப் பூம்புகார் போனார்கள். இறங்கிய அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. வேனுக்குள்ளேயே புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கினேன். முதலில் தேதி. எந்த மாதம் பயணச்சீட்டு மலிவு, எந்த மாதம் அங்கே கூட்டம் குறைவு என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அம்மாவிடம் அது எடுபடவில்லை.

"நடவு முடியணும். களை எடுத்து முடியணும். அறுப்பு ஆரம்பிச்சிருக்கக் கூடாது. அதுக்கு நடுவுல எப்ப வேணாலும் சொல்லு, வர்றேன்."

அப்படிப் பார்த்தால் மார்கழிப் பிறப்பை ஒட்டி ஒரு பத்து நாள்தான் தேறியது. பாரிஸில் எலும்பைக் குத்தும் குளிர்காலம். அப்பா வருகிறாரா என்று கேட்டேன்.

"ரெண்டு மாடு, ஒரு கன்னுக்குட்டி. இதுங்களையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா நானும் வர்றேன்" என்றார். பிறகு, "இங்க மார்கழிப் பனிக்கே உங்கம்மா முக்காடு போட்டுக்கிட்டு அடுப்ப வுட்டு நவுர மாட்டா. அங்க போயி என்ன பண்ணப் போறான்னு பாரு" என்றார்.

"நீங்க ஒண்ணும் எனக்காகக் கவலப்பட வேணாம்" என்றாள் அம்மா.

"நான் உனக்காகவா கவலப்படுறேன்? அந்த ஊர்க்காரனுக்காகக் கவலப்படுறேன்."

மே மாதத்தில் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். அங்கேதான் முதல் எச்சரிக்கை கிடைத்தது. கைரேகை எடுக்கும் இடத்தில் அம்மாவின் விரல்கள் எளிதில் பதியவில்லை. துடைத்து வைத்து, ஊதி வைத்து, மறுபடி வைத்து, ஏழெட்டு முறை ஆயிற்று. எனக்கு அது புதிய செய்தி, அம்மாவுக்கு இல்லை. "ரேஷன் கடையிலயும் என் வெரல எடுக்காதுடா. அதான் உங்கப்பா போறாரு. நான் போனா கண்ணக் காட்டச் சொல்லுவாங்க" என்றாள், மிகச் சாதாரணமாக.

அன்று வீட்டுக்கு வந்து அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் நாற்றுப் பறிக்கத் தொடங்கியவள். நாற்று முடி என்கிற கட்டைப் பிரித்து, இரண்டு மூன்று நாற்றாகக் கிள்ளி, பெருவிரலால் சேற்றுக்குள் அழுத்துவதுதான் நடவு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை என்று யாரும் எண்ணியதில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் வழவழவென்று இருந்தன. கூழாங்கல்லைத் தொடுவது போல. இருபத்தாறு வயதுவரை அந்தக் கையால் பிசைந்து போட்டதைச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை.

மே மாதம் கோடை. வயலில் வேலை இல்லாத காலம், விரல் ஓரளவு தேறியிருக்கும். அப்போதே ஏழெட்டு முறை. விசாவுக்கு நேரில் வரவேண்டிய தேதி எப்போது கிடைத்தது என்றால், ஐப்பசியில். நடவின் உச்சம். கை நாள் பூராவும் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் நேரம்.

விசா விண்ணப்பத்தின் வழிமுறைத் தாளில், "பத்து விரல்களின் பதிவும் கட்டாயம்" என்று போட்டிருந்தது. நான் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். விரல் பதியவில்லை என்றால் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள், வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குள் எழுதிக்கொண்டேன். இணையத்தில் தேடினால் அச்சம் கூடத்தான் செய்தது. யாரோ ஒருவர் மூன்று முறை போய்த் திரும்பி வந்ததாக எழுதியிருந்தார். ஒரே ஒரு ஆசையைச் சொன்ன அம்மாவிடம், 'உன் கை சரியில்லை, அதனால் போக முடியாது' என்று நான் எப்படிச் சொல்வேன்? மற்ற எந்தக் காரணமும் பரவாயில்லை. இந்தக் காரணம் மட்டும் வரக்கூடாது.

அம்மாவிடம் சொன்னேன்: "பதினஞ்சு நாளைக்கு நீ வயல்ல எறங்கக் கூடாது."

"பதினஞ்சு நாளா? நடவு நேரத்துலயா? செட்டுக்காரங்க வயலுக்கு நான் போவலன்னா நம்ம மூணு மாவுக்கு யாரு வருவா?"

மூன்று மா என்பது அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலம், ஓர் ஏக்கர்தான். ஆனால் அம்மாவின் கேள்வி நியாயமானது. செட்டில் பதினான்கு பெண்கள். ஒருத்தி வயலில் மற்றவர்கள் இறங்கினால், அவர்கள் வயலில் இவள் இறங்கியாக வேண்டும்.

"காரணத்தச் சொல்லிடும்மா. இப்படி பாரிஸ் போறோம், கைரேகை வேணும்னு சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

"வாயத் தொறந்தீன்னா பாரு. இன்னும் ஒண்ணும் ஆவல. நான் ஊரு பூரா சொல்லிட்டு, அங்க போயி 'உன் வெரலு சரியில்ல, போயிட்டு வா'ன்னு அனுப்பிட்டான்னா? அறுவது வயசு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளுவ. 'பாரீசுக்காரி'ன்னே பேரு வச்சிடுவாளுவ."

அது வெறும் பேச்சு இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் துபாய்க்கு என்று பெட்டி கட்டி, மும்பையிலிருந்தே திரும்பி வந்தார். அவருக்கு இன்றுவரை 'துபாய்' என்றுதான் பெயர். அவர் பேத்தியை 'துபாய் பேத்தி' என்கிறார்கள்.

அதனால் அம்மா ஒரு பொய் சொல்ல முடிவெடுத்தாள். என்ன பொய் என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகுவலி என்று சொல்லச் சொல்லியிருப்பேன். அவள் சொன்னது சேற்றுப்புண். கை விரலெல்லாம் சேற்றுப்புண் வந்துவிட்டது, தண்ணீரில் வைக்க முடியவில்லை. நடவு நடுகிறவர்கள் யாரும் சந்தேகப்படாத காரணம். எல்லோருக்கும் வருவதுதான். அம்மாவுக்கு அது கச்சிதமான பொய்யாகத் தோன்றியிருக்கிறது.

நான் சென்னையில் உட்கார்ந்து பயணத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தோடு நாள்வாரியாக எங்கே போகிறோம் என்று ஒரு தாள் வைக்க வேண்டும். ஐந்து நாள், நாளுக்கு நான்கு இடம், மொத்தம் இருபது. காலை ஒன்பதுக்குக் கோபுரம், பதினொன்றரைக்குப் படகு, இரண்டு மணிக்கு அருங்காட்சியகம், ஐந்துக்கு மாதா கோயில். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எந்த ரயில், எத்தனை நிமிடம், எந்த வாசலில் வெளியே வரவேண்டும் என்பதுவரை வண்ணம் வண்ணமாகப் போட்டிருந்தேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அம்மா சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"காட்டு."

"எதுக்குடா? நாளைக்கு வர்றப்ப பாத்துக்க."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "காட்டேன், கல்யாணப் பொண்ணு கைய அவனும் பாக்கட்டும்."

அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினாள். பத்து விரல் நுனியிலும் தொப்பி போட்டது போல மருதாணி. நன்றாகப் பிடித்து, சிவப்பைத் தாண்டிக் கறுத்துக் கிடந்தது.

எப்படி வந்தது என்று அம்மாவே சொன்னாள். நடவு செட்டைக் கூட்டிக்கொண்டு போவது ஓர் அத்தை. அம்மாவின் கூட்டாளி. அம்மாவை 'அண்ணி' என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. இரண்டு வாரமாக அண்ணி வேலைக்கு வரவில்லையே என்று முந்தின நாள் பார்க்க வந்திருக்கிறார். சேற்றுப்புண்ணுக்கு எங்கள் பக்கத்தில் வைத்தியம் மருதாணிதான்.

"வரும்போதே அரைச்சுக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு வந்துட்டாடா. வேணாம் வேணாம்ங்குறேன், கேக்குறாளா? 'புண்ணு எங்க இருக்கு காட்டு அண்ணி'ங்குறா. இல்லாத புண்ண நான் எங்க காட்டுறது? அதான் எல்லா வெரலுலயும்னு சொல்லிட்டேன்."

"உடனே கழுவியிருக்கலாமே!"

"அவ போனாத்தான? காயுற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்துட்டா. டீ போட்டுக் குடுத்துகூடப் பாத்தேன், நகரல."

"டீய நான் போட்டேன்" என்றார் அப்பா. "இவதான் கைய ரெண்டையும் சாமி மாதிரி தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தாளே."

மருதாணி போட்டால் ரேகை பதியுமா என்று அன்று முழுக்கத் தேடினேன். பதியாது என்று பாதிப் பேர், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பாதிப் பேர். தேதியை மாற்றலாம் என்றால் அடுத்த தேதி மார்கழிக்குப் பிறகுதான் இருந்தது. அதற்குள் அம்மா புளி, எலுமிச்சம்பழம், சாம்பல் என்று வரிசையாகத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். இருக்கிற ரேகையும் போய்விடும், எதையும் தொடாதே என்று கத்தினேன். போனிலேயே கத்தினேன். அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவர், "ஏண்டா, அவளா போட்டுக்கிட்டா? வாய மூடிட்டு ரயிலுக்கு வந்து நில்லு" என்றார். நான் அம்மாவிடம் குரலை உயர்த்தியது அநேகமாக அதுதான் முதல் தடவை. அம்மாவை ஆசையாக அழைத்துப்போகும் லட்சணம் இதுதானா என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் எழும்பூரில் அம்மா ரயிலை விட்டு இறங்கியபோது இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அறைக்கு வந்ததும், வாங்கி வைத்திருந்த வாஸ்லீனை அவள் விரல்களில் தடவிவிட்டேன். அவள் விரல்கள் என் விரலுக்குள் வழுக்கின.

"கோவமாடா?"

"இல்லம்மா. பயம்."

"எனக்கும்தான்" என்றாள்.

விசா தேதியன்று காலை அம்மா எதுவும் சாப்பிடவில்லை. இட்லி வாங்கி வந்தேன். கையில் சாம்பார் பட்டு மஞ்சள் ஏறிவிடும் என்று தொடவில்லை. கரண்டி கொடுத்தேன். "கரண்டியால தின்னா தொண்டையில எறங்காது" என்றாள். விசா மையத்தில் எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை, கோயிலில் பிரசாதம் ஏந்துவது போல இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று விசாரித்தார். அம்மா ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் தலையை ஒரு மாதிரி சுற்றினாள்.

தாள்களையெல்லாம் சரிபார்த்தார்கள். அப்பாவின் குத்தகைச் சீட்டுவரை அடுக்கி வைத்திருந்தேன். ஒரு குறையும் சொல்லவில்லை. என் விரல்கள் முதல் பயணத்தின்போதே பதிவாகியிருந்ததால் எனக்கு வேலை முடிந்துவிட்டது. அம்மாவை மட்டும் கண்ணாடித் தடுப்புக்குள் அனுப்பினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இருந்தது என் வயதுப் பெண், தமிழ் பேசுகிறவள். அது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

"வலது கை நாலு விரலும் வைங்கம்மா."

சிவப்பு விளக்கு.

"இன்னொரு தடவ."

மறுபடி சிவப்பு. மூன்றாவது முறையும் சிவப்பு. நான் கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றதாக அம்மா பின்னால் சொன்னாள். எனக்கு அது தெரியாது. விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா, ஏன் இவ்ளோ அழுத்துறீங்க? மிஷின் ஒடஞ்சிடும்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"ரேசன் கடையில அழுத்தச் சொல்லுவாங்கம்மா. கடைக்காரரே வெரலப் புடிச்சு அழுத்துவாரு."

"இங்க அழுத்தக் கூடாது. சும்மா தொட்டா போதும். தூங்குற குழந்தைய தொடுற மாதிரி தொடுங்க."

அம்மா தொட்டாள். அந்தப் பெண் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள், அம்மாவின் விரலைத் துடைத்தாள், இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். பச்சை. மோதிர விரலும் சுண்டு விரலும் முதலில் வந்தன. இடது கை நான்கும், பிறகு இடது பெருவிரலும், ஒரே தடவையில் வந்துவிட்டன. வலது ஆள்காட்டி விரல் தகராறு செய்துவிட்டு வந்தது. கடைசியில் வலது பெருவிரலும் நடுவிரலும் மட்டும் வரவே இல்லை. ஆறு முறை வைத்தாயிற்று.

அந்தப் பெண் கணினியைப் பார்த்து ஏதோ தட்டினாள். பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, "மேடம், மருதாணி நாங்க வேணும்னு போடல. தேதி மாத்திக் குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"எதுக்கு சார் தேதி?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டு விரல் வந்திருக்கு. மத்த ரெண்டும் தேஞ்சிருக்கு, அதனால எடுக்க முடியலன்னு போட்டாச்சு. அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. வயல் வேலை, கட்டட வேலை செய்யறவங்க தெனம் வர்றாங்க. முடிஞ்சிருச்சு, கெளம்புங்க."

நான் அப்படியே நின்றேன். அதற்கென்று ஒரு கட்டம். ஒரு மாதப் பயம், பதினைந்து நாள் போகாத நடவு, ஒரு பொய், ஒரு கிண்ணம் மருதாணி, அம்மாவிடம் நான் போட்ட சத்தம், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அங்கே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன் என்பதால் யாரிடமும் கேட்காமல் படித்தேன்.

வெளியே வந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா சொல்லுது அந்தப் பொண்ணு? எடுத்துக்கிச்சா, இல்லையா?"

"எடுத்துக்கிச்சும்மா. விரல் முடிஞ்சுது. இனிமே அதனால ஒரு பிரச்சினையும் இல்ல."

"ரெண்டு வரலியே?"

"வரலன்னா பரவால்லியாம்."

அம்மா தன் வலது பெருவிரலை ஒரு முறை பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் நடவுக்குப் போயிருப்பனே" என்றாள்.

எதிரே ஓர் ஓட்டல் இருந்தது. அம்மா மூன்று இட்லி, ஒரு பொங்கல், ஒரு வடை சாப்பிட்டாள். ஐந்து விரலும் சாம்பாரில் நனைய, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் கேட்டாள்:

"சரி, இப்ப சொல்லு. அந்த ஊருல என்னென்ன பாக்கப் போறோம்?"

அப்போதுதான் கவனித்தேன். இத்தனை மாதத்தில் அவள் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கிடைக்குமா என்று தெரியாத ஒன்றைப் பற்றி ஆசையாகப் பேசி வைக்கக் கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறாள். பையிலிருந்து என் வண்ணத் தாளை எடுத்து விரித்தேன். முதல் நாள், காலை ஒன்பது என்று படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாள் மத்தியானத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு நாளைக்கு எத்தன எடம்?"

"நாலு."

"ஏண்டா, நீ நடவக் காண்ட்ராக்ட்டுக்கு எடுத்திருக்கியா? பொழுதுக்குள்ள முடிச்சிட்டு அடுத்த வயலுக்கு ஓடணுமா? நாள் கூலிக்குப் போற மாதிரி போவோம். ஒரு நாளைக்கு ஒண்ணு."

"இவ்வளவு தூரம் போயிட்டு..."

"தூரம் போயிட்டு ஓடுனா, ஓடுனதுதான் ஞாபகம் இருக்கும்."

இருபது இடம் ஐந்தாயிற்று. கோபுரம், படகு, மாதா கோயில், அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கூடம், அப்புறம் ஒரு சந்தை. சந்தை அவளாகக் கேட்டது. "அவங்க என்ன காய் திங்குறாங்கன்னு பாக்கணும்ல?"

மூன்று வாரத்தில் கடவுச்சீட்டுகள் திரும்பி வந்தன. இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. படத்தை அப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். படத்தில் இருப்பது தன் முகம்தானா என்று அம்மா அப்பாவிடம் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "இனிமே சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா சொல்லு."

சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் மாலை ஒரு கூட்டுக் குரலாக எனக்கு அழைப்பு வந்தது. அத்தைதான் முதலில் பேசினார்.

"மருமவனே! உங்கம்மா செஞ்ச காரியத்தப் பாத்தியா? என்னைய எலையப் பறிக்க வச்சு, அம்மியில அரைக்க வச்சு, கடைசியில புண்ணே இல்லியாம்ல!"

"மன்னிச்சுக்குங்க அத்தை. நான்தான்..."

"நீ சும்மா இரு. நான் இவகிட்ட பேசிக்கிறேன். அண்ணி, நெஞ்சத் தொட்டுச் சொல்லு, எங்ககிட்ட சொன்னா நாங்க உன் பங்கு வயல நட்டுருக்க மாட்டமா?"

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன்" என்ற அம்மாவின் குரல் கேட்டது.

"சிரிச்சுக்கிட்டே நட்டுருப்போம்!"

பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. பூட்ஸ் போட்டு நடக்கப் பழகுகிறாளாம் அம்மா. குளிருக்கென்று நான் அனுப்பிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து காட்டியதில் கன்றுக்குட்டி மிரண்டு ஓடிவிட்டதாக அத்தை சொன்னார். கம்பளிச் சட்டை போட்டால் எப்படி இருப்பாள் என்று யாரோ நடித்துக் காட்டியிருக்க வேண்டும், மறுபடி சிரிப்பு. கொஞ்சம் அடங்கியதும் அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"மருமவனே, நான் ஒண்ணு கேப்பேன். நீ கூச்சப்படாம பதில் சொல்லணும்."

"கேளுங்க."

"அங்க வழியில அவசரம்னா பொம்பளைங்க எங்க போறது? உங்கம்மா கேக்க மாட்டா. ரெண்டு நாளா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கா."

ரயில், வாசல், நிமிடம் எல்லாம் எழுதியவன் இதை எழுதவில்லை. நடவு நாட்களில் அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போது தண்ணீர் குடிக்க மாட்டாள். மத்தியானம் கஞ்சியோடு இரண்டு மிடறு. வயல்வெளியில் மறைவு கிடையாது. நீர்க்கடுப்புக்கு வருடம் தவறாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். எதனால் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் திட்டத்தில் அது வரவில்லை.

"ஒரு மணி நேரம் குடுங்க அத்தை, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

உட்கார்ந்து தேடினேன். நகரம் முழுக்கத் தெருவோரத்தில் பொதுக் கழிப்பறைகள் இருந்தன. கட்டணம் கிடையாது. நானே அவற்றைக் கடந்து எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், என்ன என்று பார்த்ததில்லை. கோபுரத்துக்குப் பக்கத்தில், படகுத் துறைக்கு அருகில், மாதா கோயிலுக்குப் பின் தெருவில், சந்தைக்கு எதிரே என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். நடக்கும் வழியில் கழிப்பறை இல்லாத பக்கமாகப் போன பாதைகளை அடித்துவிட்டு வேறு பாதை போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து நாளுக்கும் புதிய திட்டம் எழுதி முடித்து, மறுபடி கூப்பிட்டேன். அத்தை எடுத்தார்.

"இருக்கு அத்தை. தெருவுக்குத் தெரு இருக்கு. காசும் கெடையாது. உள்ள தண்ணி வருது, கதவு தாழ்ப்பா போட்டுக்கலாம். எல்லாத்தையும் குறிச்சு வச்சுட்டேன். எங்க நின்னாலும் பத்து நிமிசத்துல போயிடலாம்."

"அப்பன்னா சரி. போயிட்டு வரட்டும்" என்றார் அத்தை, ஏதோ அவர்தான் கடைசி முத்திரை குத்த வேண்டியவர் போல. போன் அம்மாவின் கைக்குப் போனது.

"தம்பி, நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

"அப்ப வழியில தண்ணி குடிச்சுக்கலாம்ல?"

"எவ்வளவு வேணாலும் குடிக்கலாம்மா."

அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அது போனிலேயே கேட்டது. மறுநாள் அலுவலகத்திலிருந்து வரும் வழியில், ஒரு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்க் இரண்டு வாங்கினேன்.